பாயிண்ட் தேய்ந்த காலம்

நடுவழியில் நின்றுபோன அம்பாசடரின் பானட்டைத் திறந்து, ஒரு ஸ்க்ரூ டிரைவரும் துண்டு உப்புத்தாளும் கொண்டு பத்து நிமிடத்தில் ஓட வைத்த மெக்கானிக்குகளைப் பற்றிப் பேசும்போது ‘கைராசி’ என்ற சொல் தவறாமல் வந்துவிடும். அந்தத் திறமை பொய்யல்ல. ஆனால் ராசியால் வந்ததும் அல்ல. அமெரிக்காவில் பிறந்த ஒரு மின்சுற்றும், ராஜாஜி ‘பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம்’ என்று சாடிய இந்தியப் பொருளாதார ஏற்பாடும் சேர்ந்து வளர்த்த தொழிலறிவு அது என்பதே என் கட்சி.

மோட்டார் காரின் தொடக்க காலத்தில் பெட்ரோலைப் பற்றவைப்பதுதான் பெரிய தலைவலி. 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் நான்கு சிலிண்டருக்கு நான்கு காயில். ஒவ்வொன்றிலும் அதிரும் தகடு ஒன்று. நான்கையும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். ஒஹையோவின் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய பேட்டரி இக்னிஷன் 1910-ஆம் ஆண்டின் காடிலாக்கில் ஏறியது. அதன் வழிவந்த அமைப்பில் நான்கு சிலிண்டருக்கும் ஒரே காயில், மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் ஒரே பாயிண்ட், ஒரே கண்டென்சர். பாயிண்ட் திறந்ததும் காயிலின் முதல் சுற்றில் மின்சாரம் அறுபடும். இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் வழியாக முறை வைத்து ஒவ்வொரு பிளக்குக்கும் போகும். பாதை ஒற்றை வரிசை என்பதால், கோளாறு தேடும் முறையும் அதற்குள்ளேயே இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவயரைப் பிடுங்கி, முனையை எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளி வைத்து, ஸ்டார்ட்டரை அடித்துப் பார்ப்பார்கள். நீலப் பொறி ‘சடக்’கென்று பாய்ந்தால் காயில், பாயிண்ட், கண்டென்சர் மூன்றும் குற்றமற்றவை; மூடி, ரோட்டர், பிளக் வயர், பிளக் என்று தேடிக்கொண்டு போகலாம். பொறி மஞ்சளாகத் தளர்ந்தாலோ, வராமலே போனாலோ பேட்டரிப் பக்கம் திரும்ப வேண்டும். ஒரே சோதனையில் சந்தேகம் பாதியாகிவிடும்.

ஓயாமல் பழுதாகும் ஒன்றை இப்படி மெச்சலாமா என்று கேட்பார்கள். பழுதானது உண்மை. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் பாயிண்ட் நொடிக்கு 100 தடவை திறந்து மூட வேண்டும். தேயாமல் என்ன செய்யும்? ஆனால் அது தேய்ந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். பாயிண்டின் ஃபைபர் குதி, அதைத் திறக்கும் கேமில் உரசி உரசிக் குறைய, அம்பாசடருக்கு 0.015 அங்குலம் இருக்க வேண்டிய இடைவெளி சுருங்கும், டைமிங் பின்தங்கும், வண்டி மேட்டில் இழுக்காது. நிற்பதற்கு வெகு முன்பே ஓட்டுநருக்குத் தகவல் வந்துவிடும். பாயிண்ட் முகம் கருகிக் கிடந்தால் கண்டென்சர் மேல் சந்தேகம் விழும். தேய்மானமெல்லாம் விலை குறைந்த, கைக்கு எட்டும் பாகத்தில் வந்து சேர்ந்தது.

மின்சுற்று மட்டும் போதாது. அது மாறாமலும் இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் கிரைஸ்லர் 1973-லேயே தன் கார்களுக்கு எலெக்ட்ரானிக் இக்னிஷன் கொடுத்துவிட்டது. இங்கே, அந்தக் கோட்டா ராஜ்யத்தில், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசான அம்பாசடர் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவிலிருந்து அதே 1489 சிசி எஞ்சினோடு பல பத்தாண்டுகள் வந்துகொண்டிருந்தது. பிரீமியர் பத்மினி காருக்கும் ஃபியட்டின் பழைய 1089 சிசி எஞ்சின்தான். உதிரிபாகத்துக்குச் சென்னை பாடியில் 1960களிலிருந்து லூக்காஸ் டிவிஎஸ் இருந்தது. 1965-ல் பட்டறையில் சேர்ந்த பையன் கற்ற அளவுகள் 1985-லும் செல்லுபடியாயின. வாங்குபவருக்கு இது அநியாயம், மறுப்பதற்கில்லை. மெக்கானிக்குக்கோ இருபது வருஷப் பயிற்சி.

திறமை மனிதருடையதே, மின்சுற்றுக்கு என்ன பங்கு என்பவர்களுக்குப் பதில், மெக்கானிக்குகள் தவறிய இடத்தில் கிடைக்கிறது. வெயிலில் ஓடி நின்ற கார் ஆறியதும் கிளம்பினால், ‘பெட்ரோல் லாக்’, அதாவது சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துவிட்டது என்று பம்பின் மேல் ஈரத்துணி போடுவது வழக்கம். சூட்டில் செத்து, ஆறினால் பிழைக்கும் காயிலும் இதே நாடகத்தைத்தான் ஆடும். துணி காயும் நேரத்தில் காயிலும் ஆறியிருக்கும். புகழ் துணிக்குப் போய்விடும். நின்ற கையோடு நடுவயரைப் பிடுங்கிப் பார்த்தவருக்கே உண்மை தெரிந்தது. அந்தச் சோதனையை விட்டவர், எவ்வளவு அனுபவம் இருந்தாலும், ஊகத்தில்தான் விழுந்தார்.

அப்படியானால் பாயிண்டையே வைத்துக்கொண்டிருக்கலாமே என்ற வாதம் நிற்காது. 1995-ல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. மிஸ் அடிக்கும் எஞ்சின் எரியாத பெட்ரோலைப் புகைக்குழாய்க்குள் தள்ளும். அது கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதைப் பாழாக்கும். மெல்ல மெல்லத் தளரும் பாயிண்டுக்கு அங்கே இடமில்லை. இன்று பழைய கார் வைத்திருப்பவர்களிலும் பலர் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எலெக்ட்ரானிக் மாட்யூலைப் பொருத்திவிடுகிறார்கள். இடைவெளி வைக்கும் வேலை மிச்சம்; ஆனால் மாட்யூல் பெரும்பாலும் சொல்லாமல் சாகும். விவரம் தெரிந்தவர்கள் கழற்றிய பாயிண்ட் செட்டையும் கண்டென்சரையும் டிக்கியிலேயே போட்டு வைக்கிறார்கள்.