இரண்டு தடவை "வேண்டாம்"

செப்டம்பர் முடியும்போது சுவிசில் அடுத்த ஆண்டுக் காப்புறுதிக் கட்டணத்தை அறிவிப்பார்கள். பிறகு கிராங்கன்காசவிடமிருந்து கடிதம் வரும். (பெயரிலேயே காசு இருக்கிறது பாருங்கோ!)

1994 டிசம்பரில் மக்கள் வாக்களித்து நிறைவேறிய சட்டம், 1996 முதல் காப்புறுதியை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. ஒரே ஊரில், ஒரே நிறுவனத்தில் முப்பது வயதுக்காரருக்கும் எண்பது வயதுக்காரருக்கும் ஒரே கட்டணம். நல்ல சட்டம்தான், அகதியென்று எங்களை ஒதுக்கவில்லை. நிறுவனங்கள் போட்டி போட்டால் செலவு கட்டுப்படும் என்றார்கள். போட்டி நடந்தது, நோயில்லாத இளம் ஆட்களைப் பிடிப்பதற்கு! அடிப்படைக் காப்புறுதியில் இலாபம் எடுக்கச் சட்டம் விடாது. ஆனால் விளம்பரமும் முகவர் கூலியும் யார் காசு? முதுமையும் புது மருந்துகளும் செலவைக் கூட்டியது உண்மை, மறுக்கவில்லை. வளர்ந்தவருக்கு மாதச் சராசரி 1996 இல் இருந்ததைவிட மிகக் கூடி, 2025 இல் 449 பிராங்.

இத்தனை நிறுவனங்கள் எதற்கு, ஒரே பொதுக் காப்புறுதி போதுமே என்று 2007 இலும் 2014 இலும் வாக்கெடுப்பு வந்தது. முதல் தடவை 71 வீதம், அடுத்த தடவை 62 வீதம் "வேண்டாம்". 2007 இல் எனக்குக் குடியுரிமை இல்லை. கட்டணம் கட்டலாம், வாக்குப் போடேலாது. பக்கத்து வீட்டு அம்மா என்னட்டைக் கருத்துக் கேட்டா. "ஓம் போடுங்கோ" என்றேன். அவ "வேண்டாம்" தான் போட்டாவாம். பழகின கம்பனியை விடப் பயமாம்.