படம் பேசியபோது வெளியேறியவர்கள்

சினிமா வரலாற்றில் 1927 கொண்டாட்டமான ஆண்டு. 'தி ஜாஸ் சிங்கர்' வந்தது, திரை பேசத் தொடங்கியது. (வெள்ளை நடிகர் முகத்தில் கறுப்புப் பூசிக்கொண்டு பாடிய படம் அது என்பதைச் சொல்லாமல் விடுவார்கள்.) ஆனால் அமெரிக்காவின் காது கேளாதோருக்கு அங்கிருந்துதான் தியேட்டர் கதவு சாத்தத் தொடங்கியது.

அதுவரை எல்லோரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்கள். நடிப்பும் நடுநடுவே வரும் எழுத்து அட்டைகளும் கதை சொல்லின. அவற்றை நாம் 'ஊமைப்படம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அந்தச் சொல்லை இனி விட்டுவிடலாம். காது கேளாதவர்கள் அந்தப் படங்களில் நடிக்கவும் செய்தார்கள். ஓவியர் கிரான்வில் ரெட்மண்ட் சாப்ளின் படங்களில் தோன்றியிருக்கிறார். கியூபாவில் பிறந்து சிறுவயதில் கேட்கும் திறனை இழந்த எமர்சன் ரொமெரோ, 1920களில் குறும் நகைச்சுவைப் படங்களில் நடித்தார். பேசும்படம் வந்ததும் வேலை போனது. சில ஆண்டுகளில் எழுத்து அட்டைகளும் போயின. நடிகரும் ரசிகரும் சேர்ந்தே வெளியே தள்ளப்பட்டார்கள்.

ரொமெரோ சும்மா இருக்கவில்லை. 1947இல் பழைய பேசும்படங்களை வாங்கி, படச்சுருளை வெட்டி, காட்சிகளுக்கு நடுவே வசன அட்டைகளை ஒட்டினார். காது கேளாதோர் மன்றங்களுக்கும் பள்ளிகளுக்கும் வாடகைக்கு அனுப்பினார். படம் நீளமாகிவிடும், ஒலி துண்டு துண்டாகும். அது யாருக்குக் கவலை? பிறகு கல்வியாளர்கள் சிலர் படத்தின் மீதே எழுத்தைப் பதிக்கும் முறையைக் கையில் எடுத்தார்கள். 1958இல் இதற்கென ஒரு சட்டமே வந்து அரசுப் பணம் கிடைத்தது.

ஆனால் அந்த மன்றங்களுக்குள் யார் உட்கார முடிந்தது என்று நாம் கேட்டாக வேண்டும். காது கேளாதோரின் தேசியச் சங்கமே 1925இல் கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்ப்பதைத் தடை செய்தது. அந்தத் தடை 1965 வரை நீடித்தது. தலைநகர் வாஷிங்டனில் கெண்டால் பள்ளி, கறுப்பினக் குழந்தைகளைச் சேர்க்காமல் பக்கத்து மாநிலமான மேரிலாந்துக்கு அனுப்பியது. லூயிஸ் மில்லர் என்ற தாய், மற்ற பெற்றோரோடு நீதிமன்றம் போனார், 1952இல் வென்றார். பள்ளி என்ன செய்தது தெரியுமா? அதே வளாகத்தில் கறுப்பினக் குழந்தைகளுக்கென்று தனிக் கட்டடம் கட்டியது. ஒரே டீக்கடையில் இரட்டைக் குவளை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் பிரவுன் வழக்கின் தீர்ப்பு வந்த பிறகே அந்தச் சுவர் விழுந்தது. கறுப்பினக் காது கேளாதோர் தங்களுக்கென்று தேசிய அமைப்பு கண்டது 1982இல்.

இதற்கிடையே தொலைக்காட்சியிலும் போராட்டம் நடந்தது. 1980இல் அங்கே சப்டைட்டில் முறையாக வரத் தொடங்கியபோது, அதைப் பார்க்கத் தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டியிருந்தது. காசு இருப்பவருக்கு எழுத்து தெரியும், இல்லாதவருக்கு வெறும் வாயசைப்பு. அந்தப் பெட்டியின் வேலையைத் தொலைக்காட்சிக்குள்ளேயே வைக்க வேண்டும் என்று 1990இல் சட்டம் வந்தது. 1993 முதல், 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள எல்லாத் தொலைக்காட்சிகளுக்கும் அது கட்டாயமானது.

நம் நாட்டில் இதைக் கேட்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இருக்கிறது. அதன் 42ஆவது பிரிவு சைகை மொழிபெயர்ப்பையும் சப்டைட்டிலையும் அரசின் பொறுப்பாக்குகிறது. அடுத்த முறை மனு எழுதும்போது அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். நாம் நடத்தும் திரையிடலில் சப்டைட்டில் உண்டா என்றும் பாருங்கள்.