ஜீவனஹள்ளியும் நாட்டின் கணக்கும்

பெங்களூரில் காக்ஸ் டவுனை அடுத்து ஜீவனஹள்ளி என்றொரு பகுதி உள்ளது. ‘ஹள்ளி’ என்பது கன்னடத்தில் சிற்றூரைக் குறிக்கும் சொல். ஒரு காலத்தில் தனியூராக இருந்து பின்னர் நகரத்துள் அடங்கிய இடம் இது என்பதை அப்பெயரே உணர்த்துகின்றது. ‘தண்டு’ என்று மக்கள் வழங்கும் பழைய படை நகரத்தைச் சார்ந்த இத்தகைய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. இவர்கள் எத்தனை பேர், எம்மொழியினர், எங்கிருந்து வந்தோர் என்பவற்றை அரசு எவ்வாறு அறிகின்றது? அறிவதனால் விளையும் பயன் யாது? வெளி மாநிலங்களில் வாழும் தமிழர் யாவருக்கும் உரிய வினாக்கள் இவை. விடை காண வேண்டின், நம் நாட்டின் புள்ளிவிவர அமைப்புக்கள் வளர்ந்த வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

குடிகளை எண்ணும் வழக்கம் நமக்குப் புதிதன்று. ஊர்தோறும் குடிகளையும் அவர்தம் தொழில்களையும் கணக்கில் வைத்த ‘கோபன்’ என்னும் அலுவலனைப் பற்றி அர்த்த சாஸ்திரம் கூறுகின்றது. ஆயின் அக்கணக்கு அரசனுடைய வரிக்கும் காவலுக்கும் உதவியதேயன்றி, குடிகள் அதனைக் கண்டவரல்லர். 1872-ஆம் ஆண்டை ஒட்டி எடுக்கப்பட்ட கணக்கும் இடத்துக்கிடம் வெவ்வேறு காலத்தில் எடுக்கப்பட்டதாகும். நாடளாவ ஒரே காலத்தில் நடைபெற்ற முதற்குடிமதிப்பு 1881-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17-ஆம் நாள் இரவில் நிகழ்ந்தது. 1931 வரையில் ஓர் இரவில் எண்ணும் இம்முறையே நீடித்தது.

அதே 1881-இல் மைசூர் அரசு மீண்டும் உடையார் மரபினரிடம் ஒப்படைக்கப்பட்டது. எனினும் தண்டுப் பகுதி மட்டும் ஆங்கிலேயர் ஆட்சியிலேயே நின்றது. ஆகவே பெங்களூர் இரண்டாகவே எண்ணப்பட்டது. 1901-ஆம் ஆண்டுக் கணக்கில் நகரத்தில் 69,447 பேரும் தண்டில் 89,599 பேரும் இருந்தனர். படையினரும் அவர்களைச் சார்ந்து பிழைக்க வந்த வணிகரும் தொழிலாளரும் நிறைந்த அத்தண்டில் தமிழ் வழக்கு மிக்கிருந்தது. 1947-இல் தண்டுப் பகுதி மைசூர் அரசிடம் திரும்பியது. 1949-இல் இரண்டும் ஒரே மாநகராட்சியின்கீழ் வந்தன.

நாடு விடுதலை பெற்றபின், எண்ணும் பணிக்கு நிலையான அடிப்படை அமைந்தது. 1948-இல் குடிமதிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டில் தலைமைப் பதிவாளர் அலுவலகம் தோன்றியது. சுதந்தர இந்தியாவின் முதற்குடிமதிப்பை 1951-இல் நடத்தியவர் ஆர். ஏ. கோபாலசுவாமி. அக்கணக்கின்படி நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 36 கோடி.

தலைகளை எண்ணினால் மட்டும் போதுமா? மக்கள் என்ன உண்கின்றனர், எவ்வளவு ஈட்டுகின்றனர், எத்தனை பேர் வேலையின்றி உள்ளனர் என்பனவும் தெரிதல் வேண்டும். இவற்றை ஒவ்வொரு வீட்டிலும் சென்று கேட்பது இயலாத செயல். இங்கேதான் பேராசிரியர் மஹலனோபிஸ் காட்டிய வழி துணை நின்றது. 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய அவர், வங்காளத்துச் சணல் விளைச்சலை மாதிரி முறையால் மதிப்பிட்டு அதன் திறத்தை நிலைநாட்டினார். 1950-இல் தேசிய மாதிரி ஆய்வும், 1951-இல் மத்தியப் புள்ளிவிவர நிறுவனமும் தோன்றின. இவ்விரண்டும் 2019-இல் தேசியப் புள்ளிவிவர அலுவலகமாக இணைந்தன. குடிமதிப்போ இன்றும் உள்துறை அமைச்சகத்தைச் சார்ந்த தலைமைப் பதிவாளரின் பொறுப்பாகும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் முன்னோர். மாதிரி ஆய்வின் தத்துவமும் இதுவே. ஆயினும் மேலே கிடக்கும் சோற்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் அடியிலுள்ளது வெந்ததா என்பது தெரியாது. ஆகையால் நகரங்களைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, எல்லை காட்டும் படம் வரைந்து, அவற்றுள் சிலவற்றை விருப்பு வெறுப்பின்றித் தற்செயல் முறையில் தேர்ந்தெடுக்கின்றனர். பின்னர் அக்கட்டத்திலுள்ள வீடுகளைப் பட்டியலிட்டு, அவற்றிலும் சிலவற்றையே தேர்கின்றனர். அவ்வாறு தேர்ந்த ஓர் இல்லம் பல நூறு, சில வேளைகளில் பல்லாயிரம் இல்லங்களின் சார்பில் பேசுகின்றது. அங்குக் கூறப்படும் ஒரு பொய்யும் அத்தனை மடங்கு பெருகிவிடும்.

மொழி பற்றிய கணக்கு மாதிரி முறையைச் சார்ந்ததன்று. குடிமதிப்பில் ஒவ்வொருவரிடமும் கேட்டறியப்படுவது. ஒருவருக்கு இளமையில் அவருடைய தாய் எம்மொழியில் பேசினாரோ, அதுவே அவரது தாய்மொழி என்பது விதி. குடும்பத்தார் அனைவருக்கும் ஒரே மொழிதான் என்று கணக்கெடுப்பவர் தாமாகக் கருதலாகாது. கூறியதைக் கூறியவாறே எழுத வேண்டும்.

இதன் இன்றியமையாமையைச் சற்றே சிந்திப்போம். குடிமதிப்பு ஒருவரை அவர் வழக்கமாக வாழும் இடத்தில் எண்ணுகின்றதேயன்றிச் சொந்த ஊரில் எண்ணுவதில்லை. பிறந்த இடமும் கேட்கப்படுகின்றது; முன்பு வாழ்ந்த இடம் 1971 முதல் கேட்கப்பட்டு வருகின்றது. வேலூரிலிருந்து பிழைப்புத் தேடி வந்த பாட்டனார் இவ்வினாக்களால் வெளியூரார் என்று அறியப்படுவார். ஜீவனஹள்ளியிலேயே பிறந்து வளர்ந்த பெயரனோ பிறப்பிடத்தால் உள்ளூரானே. அவன் தமிழன் என்பதற்கு அக்கணக்கில் எஞ்சும் சான்று தாய்மொழி என்ற ஒரே கட்டந்தான். 2011-ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் ஏறத்தாழ 21 லட்சம் பேர். அவர்களுள் பலர் இவ்வகைப் பெயரர்களே ஆவர்.

இவ்வெண்ணிக்கையின் மேல் உரிமைகள் நிற்கின்றன. தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்தல் வேண்டும் என்று 1956-இல் அரசியலமைப்பில் ஒரு விதி சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையோர்க்கெனத் தனி அலுவலர் ஒருவரும் ஏற்பட்டார். பள்ளியில் 40 மாணவரோ, வகுப்பில் 10 மாணவரோ இருப்பின் அம்மொழி ஆசிரியரை அமர்த்தல் வேண்டும் என்பது 1949-இல் கல்வியமைச்சர்கள் மாநாட்டில் ஏற்கப்பட்ட நெறி. ஒரு பகுதியில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குக் குறையாமல் சிறுபான்மையோர் இருப்பின், முக்கிய அறிவிப்புக்கள் அவர்தம் மொழியிலும் வெளிவர வேண்டும் என்பதும் பின்னர் வகுக்கப்பட்டது.

மாநிலங்களைத் திருத்தியமைத்த காலத்திலும் எண்களே முன்னின்றன. திருவிதாங்கூரின் தெற்கிலிருந்த தமிழ் வட்டங்கள் 1956-இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தமைக்கு மொழிக் கணக்கு துணைபுரிந்தது. தேவிகுளத்திலும் தமிழரே மிகுதியாயிருந்தனர். ஆயினும் தோட்ட வேலைக்கு வந்து செல்வோர் மிக்க பகுதி என்பதையும் பிற காரணங்களையும் கருதி, அது கேரளத்திலேயே நிறுத்தப்பட்டது. எண் என்பது சான்று; தீர்ப்பு அன்று. எனினும் சான்று இல்லாதவன் வழக்காடுவது எங்ஙனம்?

சான்று கலங்கினால் நேர்வதையும் வரலாறு காட்டியுள்ளது. 1951-இல் பஞ்சாப் உள்ளிட்ட சில வடபகுதிகளில் மொழிப் பூசல் மிக்கது. விடைகள் நம்பத்தக்கனவாக இல்லாமையால் இந்தி, உருது, பஞ்சாபி, பஹாரி ஆகியவற்றைத் தனித்தனியே காட்டாது ஒன்றாகவே சேர்த்து வெளியிட நேர்ந்தது.

தாய்மொழியைக் கூறினால் தீங்கு நேருமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. தனி மனிதர் கூறும் விவரத்தைப் பிறர் பார்வையிடவோ, வழக்கில் சான்றாகக் காட்டவோ குடிமதிப்புச் சட்டம் இடந்தருவதில்லை. வாழுமிடத்து மொழியைக் கற்று அன்புடன் பேசுவது நம் கடமை. தாய்மொழி தவிர அறிந்த மொழிகளைக் கூறுவதற்கும் அப்படிவத்தில் இடமுண்டு. ஒன்றைக் கூறுவதற்காக மற்றொன்றை மறைக்கத் தேவையில்லை.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு பெருந்தொற்றால் தள்ளிப் போயிற்று. பனி சூழ்ந்த சில பகுதிகள் நீங்கலாக, 2027-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்ட குடிமதிப்பு 2025-இல் அறிவிக்கப்பட்டது. கணக்கெடுப்பவர் வாயிலில் நிற்குமிடத்து, வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், முதியோரும் குழந்தைகளும் உட்பட, விடுபடாமல் எழுதப் பெற்றனரா என்று கேட்டறிவோம். தாய்மொழி யாது என்ற வினாவுக்கு உண்மையை உள்ளவாறே உரைப்போம். நம் பிள்ளைகளின் பள்ளிக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று பின்னாளில் நாம் கேட்கும்போது, அந்த ஒரு சொல்லே நமக்காகப் பேசும்.