தாயர்மீது சுமத்தப்பட்ட பழி

ஓட்டிசம் என்னுஞ் சொல்லை 1911இல் சுவிற்சலாந்து உளமருத்துவர் புளொய்லர் ஆண்டது உளப்பிளவை நோயின் அறிகுறியொன்றைச் சுட்டுதற்காகும். அதனைக் குழந்தைகளிடத்துக் காணப்படும் தனியொரு நிலைக்கு உரியதாக்கியவர் பால்ற்றிமோர் நகரிற் பணியாற்றிய லியோ கனர். 1943இல் அவர் விவரித்த பிள்ளைகள் 11 பேர். பிறரோடு உணர்வுத் தொடர்பு கொள்ளும் ஆற்றற் குறைவு இவர்களுக்குப் பிறவியிலேயே அமைந்தது என்பது அவர் முடிபு. எனினும், இவர்தம் பெற்றோருள் அன்பு கனிந்தோர் மிகச் சிலரே என்றும் அக்கட்டுரையில் எழுதிவைத்தார். பின்வந்தோர் முடிபை விடுத்து இக்குறிப்பையே பற்றிக்கொண்டனர். 1949இல் கனர் கையாண்ட உவமையொன்றிலிருந்து ‘குளிர்ப்பெட்டித் தாய்’ என்னும் வசை பிறந்தது. 1967இல் பெற்றல்ஹைம் எழுதிய ‘வெற்றுக் கோட்டை’ அப்பழியைப் பொதுமக்களிடையே பரப்பிற்று. தாயைக் குறைகூறச் சான்று வேண்டியதில்லை என்று அறிஞரும் எண்ணினர் போலும்!

இத்தனைக்கும், ஓட்டிசமுடைய மகனைப் பெற்ற உளவியலாளர் றிம்லண்ட் 1964இலேயே இக்கொள்கையை மறுத்து நூலெழுதியிருந்தார். அதற்கு முன்னுரை வழங்கியவர் கனரே. 1969இல் பெற்றோர் சங்கக் கூட்டமொன்றில், அவர்களைக் குற்றத்தினின்றும் விடுவிப்பதாகக் கனர் கூறினார். 1977இல் போல்ஸ்ரீன், றட்டர் ஆகியோர் ஆராய்ந்த ஒருகரு இரட்டையர் 11 சோடிகளுள் 4இல் இருவருமே ஓட்டிசமுடையோர். இருகரு இரட்டையர் 10 சோடிகளுள் ஒன்றேனும் அவ்வாறில்லை. பரம்பரையின் பங்கு இதனாற் புலனாயிற்று.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 1980இல் ஓட்டிசத்தைத் தனிவகையாக ஏற்று, 2013இல் அஸ்பேர்கர் நிலையையும் அடக்கிய ஒரே நிறமாலையாக விரித்தது. வரைவிலக்கணம் விரிய, இனங்காணப்பட்டோர் தொகையும் பெருகியது. அப்பெருக்கத்துக்குக் காரணந் தேடியோர் பலர் இம்முறை தடுப்பூசியைப் பழித்தனர். அவ்வையத்தைக் கிளப்பி 1998இல் இலண்டனில் வெளிவந்த கட்டுரை 2010இலேதான் மீளப்பெறப்பட்டது.