ஒரு கள்ளியின் பெயர் வரலாறு

தாவரங்களுக்குப் பெயரிடும் கலை, ஒருவகையில், வரலாற்றாசிரியனின் தொழிலை ஒத்தது. எவ்வேடு முந்தியது, எச்சான்று நம்பத்தக்கது, ஒரு சொல் முதன்முதல் எப்பொருளைச் சுட்டி வழங்கியது என்னும் வினாக்கள் இரு துறைக்கும் பொதுவானவை. செடியோ காட்டில் தன் போக்கில் வளர்கின்றது. அதன் பெயரோ நூல்நிலையங்களிலும் பேரவைகளிலும் வழக்காடித் தீர்க்கப்படுகின்றது. இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டும் தாவரங்களுள் ஒன்று, அயனமண்டல அமெரிக்காவின் காடுகளில் வளரும் இரிப்சாலிசு பாக்சிபெரா என்னும் கள்ளியாகும்.

கள்ளி என்றவுடன் வறண்ட நிலமும் கூரிய முள்ளும் நினைவிற்கு வருதல் இயல்பு. இக்கள்ளிக்கோ அவ்விரண்டும் உரியன அல்ல. மழை மிகுந்த காடுகளிலே, உயர்ந்த மரங்களின் கவர்களில் மேலொட்டியாய் வாழ்வது இது. மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. இலையற்ற, பென்சிலினும் மெல்லிய பசிய தண்டுகள் கிளைத்துக் கிளைத்துப் பல அடி நீளத்திற்குச் சடைபோலத் தொங்கும். சிறிய வெண்ணிறப் பூக்கள் பூத்தபின், முத்தையொத்த, ஒளி ஊடுருவும் வெண்கனிகள் தோன்றும். குருவிச்சையின் கனியைப் போன்று இதன் கனியும் பிசுபிசுப்பு உடையது. அதனை உண்ணும் பறவைகள் விதையை வேறொரு கிளைக்குக் கொண்டு செல்கின்றன. புளோரிடா முதல் ஆர்செந்தீனா வரை இது பரந்து காணப்படுகின்றது. அதனினும் வியப்பானது, ஆபிரிக்கா, மடகாசுக்கர், மொரீசியசு, இலங்கை ஆகிய இடங்களிலும் இஃது இயல்பாய் வளர்தலாகும். ஏறத்தாழ 1,500 இனங்களைக் கொண்ட கள்ளிக் குடும்பத்தில், மனிதன் நட்டு வளர்க்காமலே அமெரிக்காவிற்கு வெளியே வாழ்வதாகக் கருதப்படுவது இஃது ஒன்றே.

இதன் பெயர் வரலாறு ஒரு பிழையிலிருந்து தொடங்குகின்றது. 1753ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டுப் பேரறிஞர் இலின்னேயசு தம் காலத்தில் அறியப்பட்ட தாவரங்கள் அனைத்தையும் ஒரு நூலில் வகுத்துத் தந்தார். சாதிப்பெயர் ஒன்றும் இனப்பெயர் ஒன்றுமாக ஈரடியாற் பெயரிடும் முறை அந்நூலாலேயே நிலைபெற்றது. கள்ளிகளுள் 22 இனங்களை அவர் காக்டசு என்னும் ஒரே சாதியுள் அடக்கினார். மேற்கூறிய தொங்கு கள்ளி அவற்றுள் இடம்பெறவில்லை. அதே நூலிற் கசித்தா என்னும் வேறொரு சாதியையும் அவர் வகுத்தார். கடற்கரைப் பற்றைகளின்மேல் நூல்நூலாய்ப் படரும் கொத்தான் என்னும் ஒட்டுண்ணிக் கொடி அச்சாதியைச் சேர்ந்தது. கொத்தானுக்கும் கறுவாவிற்கும் குடும்பம் ஒன்று. கள்ளிக்கும் அதற்கும் உறவு யாதுமில்லை. எனினும் இலையற்ற மெல்லிய தண்டு, சிறிய உருண்டைக் கனி என்னும் இரண்டும் கொத்தானுக்கும் தொங்கு கள்ளிக்கும் பொதுவாய் அமைந்தன. மயக்கம் தோன்ற இவ்வளவே போதுமானதாயிற்று.

யேர்மனியின் நூரம்பேர்க்கு நகரிற் பிறந்து இலண்டனிற் குடியேறிய யோன் மில்லர் என்பார் செதுக்கோவியத்தில் வல்லவர். யோகான் செபசுத்தியான் மியூலர் என்பது அவரது பிறப்புப் பெயர். இலின்னேயசின் வகுப்பு முறையை விளக்கும் பெரிய படநூல் ஒன்றை 1770 தொடக்கம் 1777 வரை அவர் பகுதி பகுதியாய் வெளியிட்டார். அதிலே, ஒன்பது கேசரங்கள் கொண்ட பூக்களுக்குரிய ஒன்பதாம் வகுப்பில், கசித்தா பாக்சிபெரா என்னும் பெயருடன் ஒரு படம் இடம்பெற்றது. சிறுகனி தாங்குவது என்பது பாக்சிபெரா என்னும் சொல்லின் பொருள். படத்திலிருந்த செடியோ கொத்தான் அன்று; தொங்கு கள்ளியே. ஓவியரின் கை கண்டதை உள்ளவாறு வரைந்தது. பெயரே தவறான குடும்பத்திற் போய்ச் சேர்ந்தது.

அடுத்த சான்று 1788ஆம் ஆண்டிற்குரியது. யோசேப்பு கேர்ட்னர் என்னும் யேர்மனிய அறிஞர் கனிகளையும் விதைகளையுமே பொருளாகக் கொண்டு பெருநூல் ஒன்றை இயற்றினார். கொத்தானின் கனியில் இருப்பது ஒரே விதை. இக்கனியிலோ பல சிறு விதைகள் உள. ஆதலின் இது கொத்தான் ஆகாது என அவர் தெளிந்து, இரிப்சாலிசு என்னும் புதுச் சாதியைப் படைத்தார். கூடை முடையும் பிரம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது அப்பெயர். ஆயினும் பழைய மயக்கத்தின் நிழலாய், இனப்பெயராகக் கசூத்தா என்பதையே அவர் வைத்தார்.

அதே 1788ஆம் ஆண்டில் மூன்றாவது சாட்சி ஒருவரும் தோன்றினார். சுவீடன் நாட்டினரான ஒலொவ் சுவாட்சு 1783 முதல் 1786 வரை மேற்கிந்தியத் தீவுகளிற் சுற்றித் தாவரங்களைத் திரட்டியவர். அவர் இச்செடி கள்ளிக் குடும்பத்தது என்பதைச் சரியாக உணர்ந்து, தொங்கும் கள்ளி எனப் பொருள்படக் காக்டசு பெந்துலசு எனப் பெயரிட்டார். இங்ஙனம் இலண்டனில் வரைந்தவர் கனி தாங்குதலையும், கனியை அறுத்து நோக்கியவர் பிரம்பு போன்ற வடிவையும், அது வளரும் நாட்டிற் பயணம் செய்தவர் தொங்கும் இயல்பையும் பெயராக்கினர். மூவரும் ஒவ்வொரு கூற்றையே பற்றினர். மூவர் கூறியதும் செடியிடம் உள்ளதே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேர்ட்னரின் பெயரே வழக்கில் வென்றது. ஆயின் புதிய நாடுகளிலிருந்து செடிகள் வந்து சேரச் சேரப் புதிய பெயர்களும் பெருகின. மொரீசியசுத் தீவின் செடியை 1828இல் தெ கந்தோல் தனி வகையாகக் குறித்தார். மடகாசுக்கரிலிருந்து முட்போன்ற சிலிர்மயிர் செறிந்த செடி ஒன்று வந்தபொழுது பேக்கர் அதனைத் தனியினமாகக் கொண்டு ஒரிடா எனப் பெயர் சூட்டினார். கிழக்காபிரிக்காவின் செங்கனிச் செடிக்குச் சூமன் எரித்திரோகார்ப்பா எனப் பெயரிட்டார். ஒவ்வொரு சிறு வேறுபாடும் ஓர் இனமாகப் பதிவு பெறும் காலமாக அது விளங்கிற்று.

பெயர்ப் பெருக்கம் நெறிமுறையை வேண்டி நின்றது. ஒரு தாவரத்திற்கு முறைப்படி முதலில் இடப்பட்ட இனப்பெயரே உரியது. அத்தாவரம் வேறு சாதிக்கு மாற்றப்படினும் அவ்வினப்பெயர் உடன் செல்லுதல் வேண்டும் என்னும் முந்துரிமை விதி படிப்படியாக உலகப் பேரவைகளில் உறுதியாயிற்று. அவ்விதியைக் கைக்கொண்டு பழைய நூல்களைத் துருவியவர்களுள் ஒருவர் வில்லியம் சுடேர்ண். கேம்பிரிட்சில் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்துப் பல்கலைக்கழகப் பட்டம் எதுவுமின்றித் தம் முயற்சியாலேயே கற்றுப் புலமை எய்திய அவர், அப்பொழுது அரச தோட்டக்கலைச் சங்கத்தின் நூலகராய் இருந்தார். மில்லரின் படத்திலுள்ளது இரிப்சாலிசே என்பதை அவர் நிறுவினார். 1788இற்கு முந்தியது மில்லரின் பெயர். ஆதலின் கேர்ட்னரின் சாதிப்பெயரும் மில்லரின் இனப்பெயரும் இணைந்த இரிப்சாலிசு பாக்சிபெரா என்னும் பெயரை 1939இல் அவர் வெளியிட்டார். ஒன்றரை நூற்றாண்டு வழங்கிய கசூத்தா வழக்கிழந்தது.

பிழையிற் பிறந்த பெயர், சரியாகக் கண்ட சுவாட்சின் பெயரை வென்றது முறையோ என வினவலாம். விதி பெயரின் அறிவுடைமையை நோக்குவதில்லை, காலத்தையே நோக்குகின்றது. எப்பெயர் பொருத்தமுடையது என ஆராயப் புகுந்தால் வழக்கு ஒருநாளும் முடியாது. எது முந்தியது என்பதற்கோ விடை உண்டு. மேலும், உருவொப்புமையாற் பெயரிட்டு மயங்குதல் மில்லர் ஒருவருக்கே உரியதன்று. இலங்கையிற் சிங்கள மக்கள் இச்செடியை வல் நவஹந்தி என்பர். நவஹந்தி என்பது திருகுகள்ளி. வல் என்பது காட்டில் வளர்வதைக் குறிக்கும். திருகுகள்ளி பாலுடைய வேறொரு குடும்பத்தது. தண்டின் தோற்றம் மட்டுமே ஒத்தது. தமிழரும் அக்குடும்பத்திற்குரிய கள்ளி என்னும் சொல்லைக் கடல் கடந்து வந்த அமெரிக்கச் செடிகளுக்கும் நீட்டினர். கண்ணுக்குப் பழகியதைக் கொண்டு புதியதை அறிதல் மக்கள் இயல்பு.

பெயர் ஒருவாறு நிலைபெற்றது. அப்பெயருக்குள் அடங்கும் பொருள் யாது என்பதே எஞ்சிய வினா. ஒரே இனத்துள் இத்துணை வேறுபாடு எவ்வாறு தோன்றிற்று? விதையிலிருந்து முளைக்கும் இளஞ்செடியை நோக்கின் ஒரு விடை கிடைக்கும். இளமையில் எல்லா இடத்துச் செடிகளுமே வரம்புள்ள தண்டும் சிலிர்மயிரும் உடையன. வளர வளர அமெரிக்கச் செடிகள் அவற்றை நீக்கி வழவழப்பாகின்றன. மடகாசுக்கரின் செடிகள் சில இளமைக் கோலத்துடனேயே முதிர்ந்து பூக்கின்றன. ஒரிடா எனப் பிரித்த பண்பு, எல்லாவற்றிற்கும் பொதுவான இளமைப் பண்பே. நிறமூர்த்தங்களும் இதற்குத் துணையாய்ச் சான்று பகர்கின்றன. அமெரிக்கச் செடிகளிற் பெரும்பாலும் 22 நிறமூர்த்தங்கள் உள. பழைய உலகத்துச் செடிகளிலோ அத்தொகை இரட்டித்தும் மேலும் பெருகியும் காணப்படுகின்றது. இவற்றையெல்லாம் ஆராய்ந்த பாட்லொற்று என்னும் யேர்மனியரும் தெய்லர் என்னும் ஆங்கிலேயரும் 1995இல் பழைய இனங்கள் பலவற்றை ஒரே இனத்தின் துணையினங்களாக வகுத்தனர். இலங்கைச் செடி மொரீசியசின் பெயர் தாங்கிய துணையினத்தைச் சேர்ந்தது.

இவை அமெரிக்காவிலிருந்து எங்ஙனம் வந்தன என்பது அறிஞர் நீண்டகாலமாக விவாதிக்கும் பொருள். கண்டங்கள் ஒன்றாய் இருந்த காலத்தே பரவின எனின், தென்னமெரிக்கா ஆபிரிக்காவிலிருந்து பிரிந்து ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள் ஆயின. கள்ளிக் குடும்பத்தின் வயதோ ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளே. கப்பலோட்டிகள் கொணர்ந்தனர் எனின், இத்தனை துணையினங்கள் ஐந்து நூற்றாண்டுகளுள் உருவாயின என்பதை ஏற்றல் அரிது. ஆதலின் பசை நிறைந்த விதை பறவையொடு கடல் கடந்தது என்னும் கொள்கையையே பலர் விரும்புவர். அதற்கும் தென் அத்திலாந்திக்கைக் குறுக்காய்க் கடக்கும் பறவைகள் அரிது என்னும் தடை உண்டு.

இவ்வாராய்ச்சியினால் விளையும் பயன் யாது என்பதற்குப் பிறேசில் நாட்டு நிகழ்ச்சி ஒன்று விடையாகும். பாகியா மாநிலத்தின் தென்பகுதியிலுள்ள மழைக்காட்டிற்கு மட்டும் உரிய செடி ஒன்றை, 1995இல் அவ்விருவரும் அக்காட்டின் பெயரையே இட்டுத் துணையினமாகக் குறித்தனர். பின்னர் நிகழ்ந்த ஆய்வுகளின் பயனாய் அது தனியினமாக உயர்த்தப்பட்டது. அட்லாந்திக்குக் கரையோரக் காடுகளிற் பெரும்பகுதி வெட்டி அழிக்கப்பட்டுவிட்டது. உலகெங்கும் மலிந்த இனத்தின் ஓர் உருவம் என அச்செடி ஏட்டிற் கிடக்கும் வரை அதன் அழிவு எவர் கண்ணிலும் படாது. ஓர் இனம் எங்கும் உளது என்னும் கணக்கே அதனை மறைத்துவிடும். தனிப்பெயர் பெற்றபின்னரே, அக்காடு அழிந்தால் அவ்வினமும் அழியும் என்பது வெளிப்படையாகின்றது.

ஆதலின் பிரித்தலிலும் அளவு வேண்டும், சேர்த்தலிலும் அளவு வேண்டும். இளமைக் கோலத்தை இனமெனக் கொண்டவர் இல்லாததைப் பிரித்தனர். பாகியாவின் செடியைப் பொதுப்பெயருள் அடக்கியிருந்த வழக்கு உள்ளதை மறைத்தது. இவ்விரு பிழைகளையும் திருத்தியது புதிய பெயரின்மீது கொண்ட ஆசையன்று; பழைய படத்தை மீண்டும் புரட்டிப் பார்த்தலும், முளைக்கும் விதையைப் பொறுமையுடன் கவனித்தலுமே. ஏட்டையும் செடியையும் ஒருங்கே நோக்குபவனுக்கே பெயரின் பொருள் விளங்கும்.