காசர்கோட்டில் பேட்டரி வைத்தால் திருப்புறத்தில் வோல்டேஜ் கூடுமா?

நெய்யாற்றின்கரை தாலுகாவில் உள்ள திருப்புறத்திலோ, பக்கத்தில் பாறசாலையிலோ இருக்கிறீர்களா? கோடை இரவில் ஃபேன் மெதுவாகச் சுற்றுவதும், டிரான்ஸ்ஃபார்மரில் ஃப்யூஸ் போவதும் உங்களுக்குப் புதுசு இல்லை. ‘பெரிய பேட்டரி வருது, பிரச்னை தீரும்’ என்கிறார்கள். தீருமா? அது பேட்டரியை எங்கே வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கேரளாவில் என்ன சிக்கல்?

பகலில் கூரை சோலார் மின்சாரம் நிறைய கிடைக்கிறது. ஆனால் தேவை உச்சத்தைத் தொடுவது இரவில். 2024 மே மாதக் கடும் வெயிலில் மாநிலத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. ஏசியும் மின்வாகன சார்ஜிங்கும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

மைலாட்டி திட்டம் எதற்கு?

காசர்கோடு மாவட்டம் மைலாட்டியில் 125 மெகாவாட் / 500 மெகாவாட்-மணி பேட்டரி நிலையம் திட்டமிடப்பட்டது. முதல் எண், ஒரு நேரத்தில் எவ்வளவு தரும் என்பது. இரண்டாவது, மொத்தம் எவ்வளவு சேமிக்கும் என்பது. 500ஐ 125ஆல் வகுத்தால் 4. அதாவது, முழு வேகத்தில் 4 மணி நேரம் தாங்கும். இரவில் அதிக விலைக்கு மின்சாரம் வாங்குவதை இது குறைக்கும்.

அப்போ நம்ம ஊருக்கு?

உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரின் சுமை இதனால் குறையாது. மின்சாரம் எங்கிருந்து வந்தாலும் அதே டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தானே வீட்டுக்கு வர வேண்டும்! அந்தச் சுமை குறைய, பேட்டரி டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தப் பக்கம், வீடுகள் இருக்கும் பக்கம் இருக்க வேண்டும். 11 கேவி ஃபீடருக்குச் சுமை அதிகம் என்றால், அந்த ஃபீடரிலேயே வைக்க வேண்டும். துணை மின்நிலையத்துக்குத்தான் சுமை என்றால் அங்கேயே வைக்கலாம். டெல்லி கிலோக்ரி துணை மின்நிலையத்தில் 2025இல் 20 மெகாவாட் / 40 மெகாவாட்-மணி பேட்டரி வந்தது இப்படித்தான்.

எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும்?

ஒரு கற்பனைக் கணக்கு. டிரான்ஸ்ஃபார்மர் தாங்குவது 100 கிலோவாட். இரவு 7 முதல் 11 வரை தேவை 120 கிலோவாட். கூடுதல் 20 கிலோவாட், 4 மணி நேரம்: 80 யூனிட். சார்ஜ் ஏற்றி இறக்கும்போது கொஞ்சம் வீணாகும் என்பதால், பகலில் சுமார் 95 யூனிட் ஏற்ற வேண்டியிருக்கும். பேட்டரியின் திறன் ஆண்டுதோறும் குறையும். அதற்கும் சேர்த்து அளவைக் கூட்ட வேண்டும்.

பேட்டரிதான் ஒரே வழியா?

இல்லை. வருஷத்தில் சில வாரம் மட்டும் சுமை என்றால், மின்வாகன சார்ஜிங்கை நள்ளிரவுக்குப் பிறகு மாற்றினாலே போதுமாக இருக்கலாம். எப்போதுமே சுமை என்றால் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் மலிவாக முடியலாம். பகலில் சோலார் மிஞ்சி, இரவில் தட்டுப்படும் தெருவுக்குத்தான் பேட்டரி பொருத்தம்.

ஆகவே, உங்கள் செக்‌ஷன் அலுவலகத்தில் ‘பேட்டரி எப்போ வரும்’ என்று கேட்பதற்கு முன்னால், ‘எங்க டிரான்ஸ்ஃபார்மரில் மணிவாரியா சுமை எவ்வளவு’ என்று கேளுங்கள். அந்தக் கணக்கு இல்லாமல் எந்தத் திட்டமும் சரியாக அமையாது.