யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லின் உயிர்ச்சுவடுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மண்ணுக்கு அடியில் கிடக்கும் சுண்ணக்கல் மயோசீன் காலக் கடலடியில் படிந்தது. நவக்கிரியின் நிலாவரைக் கிணறு இக்கல் கரைந்து உண்டான குழிவே. சிப்பி, பவளம், நுண்ணிய ஓடுகள் இதனுள் உள்ளன. கடற்படிவு ஆதலால் நிலவிலங்குகளின் எலும்பை இங்கே எதிர்பார்க்க முடியாது.

இலங்கையின் கனிம அளவைத் துறைக்கு 1903இல் முதல் பணிப்பாளரானவர் ஆனந்த குமாரசுவாமி. அவருடைய கவனம் பெரிதும் பழைய பளிங்குருப் பாறைகளிலேயே இருந்தது. உயிர்ச்சுவடுகளுக்கு உரிய இடத்தைத் தந்தது அத்துறையில் பின்னர் பணியாற்றிய ஈ. ஜே. வேலண்டும் லண்டன் அறிஞர் ஏ. மோர்லி டேவிஸும் 1923இல் வெளியிட்ட ‘இலங்கையின் மயோசீன்’ என்னும் ஆய்வு. வேலண்ட் அதற்கு முன்பே, 1919இல், உகண்டாவின் நிலவியல் அளவைத் துறையைத் தொடங்கியிருந்தார். ஆபிரிக்கத் தொல்லுயிர் ஆய்வில் அவர் பெயர் நிலைத்த அளவுக்கு இலங்கையில் நிலைக்காதது வருத்தத்துக்குரியது.

யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லின் வயதைச் சொன்னது ஓர் ஒருகல உயிரின் ஓடு. கேரளத்துக் கொல்லம் சுண்ணக்கல்லிலிருந்து எச். ஜே. கார்ட்டர் 1853இல் விவரித்த ‘மலபாரிகா’ என்னும் இனம் யாழ்ப்பாணத்திலும் கிடைக்கிறது. கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்த்து, நுணுக்குக்காட்டியில் ஓட்டின் அறைகள் அடுக்கப்பட்ட முறையைப் பார்த்தே இதை இனங்காண்பர். அந்த அமைப்பை எப்படிப் புரிந்துகொண்டார்களோ அதற்கேற்ப இதன் பேரினப் பெயரும் ஆர்பிட்டோலைட்டிஸ், ஆர்பிக்குலினா, டபெரினா, சூடோடபெரினா என மாறிவந்தது. எஃப். ஈ. ஈம்ஸ் 1950இல் இதனை ஆதாரமாகக் கொண்டு கொல்லம், இலங்கைப் படிவுகளை மயோசீனின் உட்பிரிவான பர்டிகாலியன் காலத்தவை என வரையறுத்தார். இன்றைய கணிப்பில் அது ஏறத்தாழ 2 கோடி முதல் 1.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது.

நிலவிலங்குகளைத் தேடுவோர் இரத்தினபுரிக்குப் போக வேண்டும். அங்குள்ள மாணிக்கக் குழிகளில் கிடைத்த நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எச்சங்களைக் கொழும்பு அருங்காட்சியகப் பணிப்பாளர் பி. ஈ. பி. தெரணியகல வகைப்படுத்தினார். இன்று ஆபிரிக்காவில் வாழும் நீர்யானையின் உறவினம் ஒரு காலத்தில் இத்தீவின் ஆறுகளில் இருந்தது என்பதற்கு அவையே சான்று.

காங்கேசன்துறையில் 1950இல் இயங்கத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்காகத் தோண்டிய குழிகளின் சுவர்கள் குடாநாட்டுப் பாறையின் அடுக்குகளை வெளிக்காட்டின. ஆனால் எந்த ஆழத்தில், எந்த அடுக்கில் இருந்தது என்ற குறிப்பு இல்லாத சிப்பி, இனப்பெயர் தெரிந்தாலும் அடுக்குகளின் வயதொழுங்கை அறிய அதிகம் உதவாது.